சுருளி கடிக்குமா?

ஜூன் 6, வியாழன்

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. இதில் எழுதாவிட்டால் யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

கல்யாணமாகி நாலு நாள். இன்று காலையில்தான் மயிலாடுதுறையிலிருந்து கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம். சரவணம்பட்டியில் மாடி வீடு. மாமனாரும் நாத்தனாரும் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் தங்கள் ஊரான கோபிசெட்டிபாளையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது நாத்தனார், சாத்தியிருந்த ஓர் அறைக் கதவைக் காட்டி, "அந்த ரூம்பு பக்கம் நாங்க போறதில்ல சௌந்தரம். நீ எப்படியோ" என்றார். பூஜை அறையாக்கும், ஆசாரம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் போனதும் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே விளக்கு. பெட்டிக்குள் கிணற்றுத் தாம்புக்கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல ஒன்று கிடந்தது. கயிறு நாக்கை நீட்டியது.

பெண் பார்க்க வந்த அன்று இவர் சொன்னது உண்மைதான். "வீட்ல ஒண்ணு வளக்கறேனுங்க. உங்களுக்கு அதெல்லாம் ஆகுமுங்களா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நாய்தானே தம்பி? வீட்டுக்குக் காவலாச்சு" என்றாள். இவர் ஏதோ சொல்ல வந்தார், என் மாமா கேசரித் தட்டை நீட்டிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சம்பளம், சொந்த வீடு, சர்க்கரை, சிகரெட் எல்லாம் விசாரித்தார்கள். எதை வளர்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெயர் சுருளி. ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகையாம், மூன்றடிக்கு மேல் இருக்கிறது. விஷமில்லையாம். வெளிநாடு போன நண்பர் ஒருவர் தை மாதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். எங்கள் கல்யாணம் இன்னும் பதிவாகவில்லை. பாம்புக்கு ஆகிவிட்டது.

அம்மாவிடம் சொல்ல முடியாது. ஏன் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூன் 7, வெள்ளி

அந்த அறைக் கதவின் அடி இடுக்கில் இரண்டு துண்டைச் சுருட்டிச் சொருகினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது துண்டை அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது கேட்டுவிட்டேன். "இந்த வீட்ல நான் இருக்கணுமா, அது இருக்கணுமா?"

அவர் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் அளவெடுப்பதுபோல ஒரு நேரம் எடுத்துக்கொள்வார். மிக்ஸி நின்ற பிறகுதான் பதில் வந்தது.

"ஆடிக்கு உங்கம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்கல்லங்க. அது வரைக்கும் பாருங்க. ஒரே ஒரு தடவை, நீங்களா அதைக் கையில எடுத்துட்டீங்கன்னா இருக்கட்டும். முடியலைன்னா நீங்க ஊர்ல இருக்கறப்பவே பொள்ளாச்சில ஒருத்தர்கிட்டக் குடுத்துடறேன். நீங்க திரும்பி வர்றப்ப அந்த ரூம்பு காலியா இருக்குமுங்க."

ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆடி பிறக்க ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. நியாயமான ஒப்பந்தமாகத் தோன்றியது. நான் எடுக்கப்போவதில்லை, அது போகப்போகிறது. ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, காப்பித் தம்ளரைப் பார்த்தார். இந்த வீட்டில் ஆறு வருஷம் தனியாக இருந்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும் அந்த அறைக்குப் போய், "வந்துட்டேனுங்க" என்கிறார். பாம்புக்கு என்ன 'ங்க' என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீமைத் தவிர எல்லாம் இருக்கும் என்று தெரிந்தும் ஆசையாகத் திறந்தேன். வரிசையாக ஏழு வெள்ளை எலி.

கத்தின கத்தலில் கீழ் வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். பல்லி என்று சொன்னேன்.

சாயங்காலம் அவர் டப்பாவின் மேல் சிவப்பு ஸ்கெட்ச்சால் 'சுருளி' என்று பெரிதாக எழுதி ஒட்டினார். பத்து நாளைக்கு ஒன்றுதான் சாப்பாடாம். சாப்பிட்டு இரண்டு நாள் அதைத் தொடக் கூடாதாம். கேட்டதும் எனக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்த நிம்மதி.

ஜூன் 14, வெள்ளி

அம்மா போன் செய்தாள்.

"நாய் எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. குரைக்கறதே இல்ல."

"நல்ல ஜாதி போலருக்கு. சரி, அங்க பக்கத்துல எங்கயாவது புத்து இருக்கான்னு கேட்டியா? வெள்ளிக்கெழம பால் ஊத்தறத விட்டுடாத. கல்யாணம் ஆச்சுன்னு மறந்துடாதடி."

கேட்கிறேன் என்றேன். எத்தனை வருஷமாகப் பால் ஊற்றுகிறேன். அரசமரத்தடிக் கல்நாகங்கள் எல்லாம் என்னை முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடும். அப்போதெல்லாம் பயமே இல்லை.

ஜூன் 17, திங்கள்

வால் நுனியை ஒரு விரலால் தொட்டேன். அவர் தலைப் பக்கம் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்திருந்தார். ஈரமாக, வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, சுத்தமாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். பிசையும்போது விரலில் அந்தத் தொடுகை இருந்துகொண்டே இருந்தது.

"எத்தனை தடவை உங்களைக் கடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"இது வரைக்கும் இல்லீங்க."

"இனிமே?"

"அது பயந்தா கடிக்கும். இல்ல, நம்ம கையைச் சாப்பாடுன்னு நெனைச்சா கடிக்கும். ரெண்டும் ஆகாம நாம பாத்துக்கோணும். அவ்வளவுதானுங்க."

அதற்கு ஒரு வளைந்த கம்பி வைத்திருக்கிறார். கையை விடுவதற்கு முன் அதனால் முதுகில் லேசாகத் தட்ட வேண்டும். தட்டினால் எலி இல்லை, ஆள் வந்திருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிடும். தட்டினாரா என்று நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

புற்றுக்குப் போகவில்லை. விசாரித்ததில் இரண்டு பஸ் மாற வேண்டும் என்கிறார்கள். அம்மாவிடம் போய்விட்டு வந்ததாகச் சொன்னேன். இந்த ஊருக்கு வந்து பொய் சொல்வதில் நன்றாகத் தேறிவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. கவுண்டம்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஊரில் பதினோரு வருஷம் செய்த அதே வேலைதான். ஊசி, ட்யூப், பஞ்சு. முதல் நாளே இருபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். எல்லாரிடமும் சொல்லும் அதே வசனம்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

இதைச் சாயங்காலம் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெட்டியைத் திறந்துகொண்டே, அசல் என் குரலில், "வாங்க மேடம், கையை நீட்டுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது இன்றுதான்.

ஜூன் 26, புதன்

இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொன்னார். சுருளியை என் கையில் வைத்தார், தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். வைத்த மாத்திரத்தில் அது தலையை உள்ளே இழுத்து, உடம்பைச் சுற்றிச் சுற்றிப் பந்தாகிவிட்டது. தேங்காய் அளவில் ஒரு பந்து. தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"பயந்துடுச்சுங்க. புது ஆளுல்ல."

நான் பயமுறுத்துகிறேனாம். எனக்குக் கை நடுங்கியது, அதற்கு உடம்பு முழுக்க இறுகியிருந்தது. அரை நிமிஷம் அப்படியே நின்றோம். அவர் கை என் கைக்கு அடியில் சூடாக இருந்தது. அவருக்கும் கை லேசாக நடுங்கிற்று, பாம்பின் கனமாக இருக்கும்.

ஜூன் 29, சனி

இன்று எலி கொடுக்கும் நாள். இடுக்கியில் பிடித்து நீட்டினார். அது எடுத்த வேகத்தைப் பார்த்த பிறகு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய விரலுக்கும் அதற்கும் நடுவே இடுக்கி மட்டும்தான், ஒரு சாண் நீளம்.

"இன்னும் நீளமா ஒரு இடுக்கி வாங்குங்க" என்றேன்.

"இதே போதுமுங்க, பழக்கமாயிடுச்சு."

"வாங்குங்கன்னு சொல்றேன்ல?"

ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவருக்குப் புரியவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே நான்கடி தள்ளி நின்றிருந்தேன். என்னைக் கடிக்க வழியே இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நேற்றிலிருந்து மனசு சரியில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மதியழகன் என்று பெயர். சீர்காழியில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பைக்கில் போன இடத்தில் லாரி மோதிப் போய்விட்டார். அவர் வீட்டார் என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்க் கேட்டிருக்கிறார்கள். கடுமையான நாக தோஷம், மறைத்துவிட்டார்கள் என்று வாசலில் நின்று பேசினார்கள். நாங்கள் மறைக்கவில்லை, எங்களுக்கே தெரியாது. அம்மா அதற்குப் பிறகு நாலு ஜோசியரைப் பார்த்தாள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நாலாமவர், "கட்டினவனுக்குப் பாம்பால் கண்டம்" என்றார். அம்மா அந்த நாலாமவரைத்தான் நம்பினாள்.

அப்புறம் வந்த வரன் எல்லாம் ஜாதகத்தோடு திரும்பிப் போயிற்று. கடைசியில் மாமா ஒருவரைப் பிடித்துப் பிறந்த நேரத்தை நாற்பது நிமிஷம் தள்ளிப் புது ஜாதகம் எழுதி வாங்கினார். அதில் நான் மாசுமறுவற்றவள். அந்த ஜாதகத்தைக் காட்டித்தான் எனக்கும் நந்தகோபாலுக்கும் கல்யாணம் நடந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் ரத்த அணுக்களை எண்ணுகிறவள். ஆனாலும் அவர் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டால், வெளியே எடுக்கும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

அம்மா போனில் மறுபடியும். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு வெள்ளியாவது ஒழுங்கா பால் வச்சுடு. முத வருஷம் தாண்டணும்டி. எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

ஜூலை 4, வியாழன்

சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர்தான் எடுத்து வந்து வைத்தார், ஆகையால் ஒப்பந்தப்படி இது கணக்கில் வராது. இரண்டு நிமிஷம். பந்தாகவில்லை. புடவைக் கொசுவத்தின் மடிப்புக்குள் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டது. இன்றைக்கு மந்தமாகத் தெரிந்தது, நிறமும் மங்கல்.

"பொள்ளாச்சிக்காரரு ஞாயித்துக்கெழம போன் பண்ணச் சொல்லியிருக்காரு" என்று இவர் மெதுவாகச் சொன்னார். அது போகப்போகிறது, ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்றுதான் ஜூன் ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன், டைரியைப் புரட்டிப் பார்த்தேன்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு குளித்து, விளக்கேற்றி, ஒரு கிண்ணத்தில் பால் எடுத்துக்கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் புற்றைத் தேடிப் போவானேன், வீட்டிலேயே ஒருவர் உயிரோடு இருக்கும்போது? பெட்டியின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, விளக்கின் அடியில் ஒரு மூலையில் கிண்ணத்தை வைத்தேன். பூ ஒன்றும் போட்டேன். சுருளி தன் மண்சட்டி வீட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. கண்ணில் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சமாக இருக்கும்.

அவரை ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். மதியம் வேலையிடத்தில் இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது, கிண்ணத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

நேற்று சாயங்காலம் நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னாடியே வந்துவிட்டிருந்தார். கதவைத் திறந்ததுமே புளித்த பால் வாடை. விளக்குச் சூட்டில் பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே "இருங்க" என்று கத்துவதற்குள் அவர் மூடியைத் தூக்கி, கம்பியால் தட்டாமல், அவசரமாகக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

சத்தம்கூட இல்லை. வலது கைக் கட்டைவிரலில் பிடித்தது, விட்டது. அவர் "அட" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, ரத்தம் வருகிற விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பயப்படாத. இங்க பாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். அப்போது அந்த வசனத்துக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு என் கை தானாக வேலை செய்தது. குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினேன், டெட்டால் வைத்தேன். வளைவாக ஒரு வரிசையில் ஏழு சின்னப் புள்ளி. என் ஊசி இதைவிட ஆழமாக இறங்கும். விஷமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் அவர் இமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"எதுக்கு இப்படிப் பாக்கற?"

அதன் கண் நீலமாகியிருப்பதை அவர்தான் காட்டினார். சட்டை உரிக்கப்போகிறதாம். அந்தச் சமயம் கண்ணை மூடினதுபோல ஒரு படலம், பார்வை சரியாகத் தெரியாது. கண் தெரியாதபோது மேலேயிருந்து ஒரு கை திடுமென இறங்கினால் யார்தான் கடிக்கமாட்டார்கள்.

பால் யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். அப்புறம், "நீயா கையை உள்ள விட்டே?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஜூலை 7, ஞாயிறு

எல்லாவற்றையும் சொன்னேன். மதியழகன், வாசலில் நின்று பேசினது, நாலாவது ஜோசியர், நாற்பது நிமிஷம் தள்ளி எழுதின ஜாதகம், பால். சொல்லி முடிக்கும்போது குழம்பு அடிப்பிடித்துவிட்டது. நான் ஏமாற்றித்தான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். வழக்கம்போல அளவெடுத்தார்.

"எனக்கு எத்தனை வயசுன்னு போட்டிருந்துச்சு?" என்றார்.

"முப்பத்தேழு."

"நாப்பது. முப்பத்தேழுக்கு மேல போனா பொண்ணு கெடைக்காதுன்னு அப்பா மூணு வருஷத்தக் கொறைச்சுட்டாரு. வருஷம் மாறினா கட்டமெல்லாம் மாறிடுமாம். அதையும் புதுசா எழுதி வாங்கினாங்க."

அவர் குழம்புப் பாத்திரத்தின் கருகின அடியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப அந்த ரெண்டு ஜாதகமும் நம்மளது இல்ல. யாரோ ரெண்டு பேருக்கு நல்ல பொருத்தமாம், பத்துக்கு எட்டு. அவங்க எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

நான் சிரித்துக்கொண்டே அழுதேனா, அழுதுகொண்டே சிரித்தேனா தெரியவில்லை. ஒன்பது வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. பாத்திரத்தை அவர்தான் தேய்த்தார், இடது கையால்.

ஜூலை 8, திங்கள்

விரலில் வீக்கம் இல்லை. வேலைக்குப் போனார். மதியம் இரண்டு முறை போன் செய்தேன், இரண்டு முறையும் உயிரோடுதான் இருந்தார்.

ஜூலை 11, வியாழன்

சட்டை உரித்துவிட்டது. தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டு, கிழியவே இல்லை. கண் இருந்த இடத்தில்கூட இரண்டு சின்ன வட்டம். ஈரத்துணி வைத்துப் பெட்டியின் ஈரத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டால்தான் இப்படி முழுதாக வருமாம். மூன்று நாளாகத் துணி நனைத்து வைத்தது நான்.

ஜூலை 12, வெள்ளி

எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணி. அவர் கதவோரமாக நின்றார், கிட்டே வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கையை மணமில்லாத சோப்பால் கழுவினேன். மூடியைத் திறந்தேன். கம்பியால் முதுகில் இரண்டு தட்டு. நாக்கு வந்தது. கண் இப்போது கறுத்துத் தெளிந்து, புதுசாக இருந்தது. தலைக்கு மேலாகப் போகாமல், பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன்.

கனம். ஒரு கிலோ இருக்கும். அதன் உடம்பு அலையலையாக நகர்ந்து என் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தலையை நீட்டி, முழங்கையின் உள்பக்கம், நான் தினம் இருபது பேருக்கு ஊசி போடும் அதே இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடி அதற்கும் கேட்டிருக்கும். கையை உதறிவிடத் தோன்றியது. உதறினால் அது பயப்படும், பயந்தால் கடிக்கும். சரி, கடித்தால் கடிக்கட்டும், கழுவி டெட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்த பிறகு கை நடுங்கவில்லை.

எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது, இத்தனை செய்கிறேன், பார்க்கவில்லையே என்று. அப்புறம்தான் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஜூலை 14, ஞாயிறு

பொள்ளாச்சிக்காரர் மறுபடியும் போன் செய்தார். நானே எடுத்து, எங்களுடையது எங்களிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

நாளை அம்மா வருகிறாள், சீர்த்தட்டு, புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு. மறுநாள் ஆடி ஒன்று, அதற்குள் என்னை அழைத்துப்போய்விட வேண்டும். அந்த அறையைப் பூட்டிவிடலாமா என்று இவர் கேட்டார். அம்மா பார்த்தால் ஆடி முடிந்தும் என்னை அனுப்பமாட்டாள். நாலாவது ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது என்று என் காலைப் பிடித்துக்கொள்வாள். அவள் அப்படிச் செய்தால் எனக்கு அவளை மீறிவர முடியுமா என்று தெரியவில்லை. ஒன்பது வருஷம் எனக்காகத் தூங்காமல் இருந்தவள்.

பூட்ட வேண்டாம் என்றேன். பொய் சொல்லிக் களைத்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

அம்மா காலை பத்து மணிக்கு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, முதல் வேலையாகச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"நாய எங்கடி காணும்? கட்டிப் போட்டிருக்கியா?"

"உக்காரும்மா. காட்டறேன்."

இவர் காப்பித் தம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய், தட்டி, எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. சோபாவின் மூலைக்கு நகர்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் கையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் நடுங்கவில்லை என்பதைப் பார்த்திருப்பாள்.

"இதுதான் நாயா?"

"ஆமாம்மா."

"எத்தன நாளா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

"கடிக்குமா?"

"கடிச்சுது."

"உன்னையா?"

"அவரைம்மா. பத்து நாளாச்சு."

அம்மா எழுந்துவிட்டாள். மூட்டுவலிக்காரி எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தாள் என்று தெரியவில்லை. என்னையும் பாம்பையும் தாண்டி நேரே அவரிடம் போனாள்.

"எந்த விரல் மாப்ளே?"

அவர் தம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினார். "இதானுங்க அத்தை. ஒண்ணும் ஆகலீங்க."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. புள்ளியெல்லாம் ஆறித் தோலோடு தோலாகிவிட்டது.

"காய்ச்சல்?"

"இல்லீங்க."

"மயக்கம்கூட வரலையா?"

"இல்லீங்க அத்தை. திங்கக்கெழமையே வேலைக்குப் போயிட்டேனுங்க."

"பாம்பு கடிச்சுது. நீங்க நல்லா இருக்கீங்க" என்றாள் அம்மா, அவரிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். "கடிச்சு முடிஞ்சுபோச்சு. நீங்க நல்லா இருக்கீங்க."

அப்புறம் அழ ஆரம்பித்தாள். மதியழகன் போனபோது அவள் அழவில்லை, அவர் வீட்டார் வாசலில் நின்று பேசினபோதும் அழவில்லை. எனக்காக வேண்டிக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாளே தவிர அழுததில்லை. அத்தனையும் சேர்த்து இன்றைக்கு அழுதாள், சத்தமாக, விக்கி விக்கி. அவள் நம்புவதை நான் நம்பவில்லை. ஆனாலும் சுருளியோடு அங்கேயே நின்று அவளை அழவிட்டேன்.

இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அவருடைய கட்டைவிரலை விடவே இல்லை.